காணி எடுத்தலும் நட்டஈடும்

வேலியோரத்து மரமொன்றில் மும்மொழியிலும் அமைந்த அறிவித்தல் தொங்குகின்றது. காணிக்குரியவரோ, அரசாங்கம் எடுக்க நினைத்தால் தடுப்பவர் யார் என்று வாளாவிருந்து விடுகின்றார். நட்டம் பெரும்பாலும் தொடங்குவது இங்கேதான்.

இலங்கையில் வீதிக்கோ பாடசாலைக் கட்டடத்துக்கோ தனியார் காணியை அரசு பெறும் முறையை 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் வகுத்துள்ளது. இரண்டாம் பிரிவின் கீழான முதல் அறிவித்தலாற் காணி கைமாறுவதில்லை. உத்தியோகத்தர் உட்சென்று அளந்து ஆராயவே அஃது இடமளிக்கின்றது. அதிற் பொதுத் தேவை என்று மட்டும் எழுதினாற் போதாது, தேவை இன்னதெனக் கூறல் வேண்டும் என உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் ஒரு வழக்கிலே தீர்ப்பளித்தது. தேவை இன்னதென அறியாதவர் எதனை மறுத்து எழுதுவார்?

நான்காம் பிரிவு அறிவித்தல் வந்தால் ஆட்சேபத்தை எழுத்தில் அனுப்பலாம். அதற்குப் பதினான்கு நாளுக்குக் குறையாத தவணை உண்டு. ஐந்தாம் பிரிவுப் பிரகடனம் வெளிவந்தபின், காணி தேவையா என்ற கேள்விக்கு அச்சட்டத்தில் இடமில்லை.

அடுத்து வருவது ஏழாம் பிரிவு; நட்டஈடு கோருவோரை விசாரணைக்கு அழைப்பது. முதுசக் காணியிற் பங்கு பிரியாத சகோதரர் நால்வர் இருப்பின், மூத்தவர் பார்த்துக்கொள்வார் என மற்றையோர் இருப்பது வழக்கம். அது தவறு. ஒவ்வொருவரும் தத்தம் உரித்தைக் குறித்த நாளுக்குள் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். உறுதிகளையும் தேடி எடுத்துவைத்தல் நன்று. குத்தகைக்காரரும் ஈடு பிடித்தவரும் கோரலாம். மாத வாடகைக் குடியிருப்பாளரைச் சட்டம் இவ்வரிசையிற் சேர்க்கவில்லை.

நட்டஈட்டின் அடிப்படை சந்தைப் பெறுமதி. துண்டாடப்பட்டதால் எஞ்சிய காணிக்கு நேர்ந்த குறையும், வீடு மாறும் நியாயமான செலவும் அதனோடு சேரும். ஆதலாற் செலவுச் சிட்டைகளை எறிந்துவிடலாகாது. தொகை போதாதெனின், தீர்மான அறிவித்தல் கிடைத்து இருபத்தொரு நாளுக்குள் மீளாய்வுச் சபைக்கு முறையிடலாம்.

அவசரமென்று கருதப்படின், முப்பத்தெட்டாம் பிரிவின் காப்புவாசகத்தின்படி நட்டஈட்டுத் தீர்மானத்துக்கு முன்னரே காணியைக் கையேற்கலாம். மக்களை மிகவும் அல்லற்படுத்துவது இதுவே. எனினும், 1979ஆம் ஆண்டின் திருத்தம் ஒரு வழி திறந்தது: கையேற்ற காணி பொதுத் தேவைக்குப் பயன்படாமலும், திருத்த வேலை எதுவும் செய்யப்படாமலும் கிடந்தால், அமைச்சர் அதனை விடுவிக்கலாம். நட்டஈடு வழங்கப்பட்டிருப்பின் அவ்வழி அடைபட்டுவிடும்.