ஓர் அச்சுப்பொறி, நான்கு கணினிகள்: லினக்ஸில் பகிர்ந்து அச்சிடுவது எப்படி?

கரடியனாற்றில் கணினியை அதிகம் தேடுவது கடிதம் எழுதத்தான். காணி அனுமதிப்பத்திரத்துக்கான விண்ணப்பம், இடம்பெயர்வில் தொலைந்த பிறப்புச் சான்றிதழுக்கான கோரிக்கை, காணாமல் போனோர் அலுவலகத்துக்கான முறைப்பாடு என எதுவானாலும் குறைந்தது மூன்று பிரதிகள் வேண்டும். ஏறாவூர்ப்பற்று பிரதேச செயலகம் செங்கலடியில் இருக்கிறது. பிழையாக அச்சான தாளுடன் போய்த் திரும்பினால் ஒருநாள் கூலி போய்விடும்.

சனசமூக நிலையம் ஒன்றில் பழைய கணினிகள் நான்கு இருந்தாலும் அச்சுப்பொறி ஒன்றுதான் இருக்கும். அதனால் கடிதம் பென்டிரைவில் கணினிக்குக் கணினி அலைகிறது. வைரசும் கூடவே வருகிறது. மகனைத் தேடும் தாயின் வாக்குமூலம் யாரோ ஒருவரின் பென்டிரைவில் தங்கிவிடுகிறது. நான்கையும் ஒரே ரவுட்டரில் இணைத்து அச்சுப்பொறியைப் பகிர்ந்தால் இந்த அலைச்சல் இல்லை. பழைய கணினிகளில் லினக்ஸ் மின்ட் போட்டிருந்தால் இதற்குப் பணமும் தேவையில்லை.

லினக்ஸில் அச்சிடும் வேலையைக் கவனிப்பது 'கப்ஸ்' என்ற மென்பொருள். மைக்கல் ஸ்வீட் உருவாக்கிய இது 1999இல் வெளியானது. 2007இல் அப்பிள் நிறுவனம் அதை வாங்கியது. மக் கணினிகளிலும் இதுவே இயங்குகிறது. உபுண்டு, மின்ட் இரண்டிலும் பெரும்பாலும் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும்.

அமைக்கும் முறை இதுதான்:

1. அச்சுப்பொறியை யுஎஸ்பி மூலம் ஒரு கணினியில் இணையுங்கள். இதைத் தலைமைக் கணினி என்போம். மற்றவர்கள் அச்சிடும்போது இது இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். 192.168.1.10 போன்ற ஒரு முகவரியை ரவுட்டரில் இதற்கு நிரந்தரமாக ஒதுக்குங்கள்.

2. அதே கணினியின் பிரவுசரில் 127.0.0.1:631 எனத் தட்டச்சு செய்யுங்கள். கப்ஸின் பக்கம் திறக்கும். 'அட்மினிஸ்ட்ரேஷன்' பகுதியில் 'அட் பிரின்டர்' அழுத்தி, இடைவெளி இல்லாத சிறிய பெயர் கொடுங்கள். 'ஷெயார் திஸ் பிரின்டர்' என்பதில் சரி அடையாளம் இடுங்கள்.

3. அதே பகுதியில், இந்தக் கணினியின் அச்சுப்பொறிகளைப் பகிரும் தெரிவையும் இயக்குங்கள். இணையத்திலிருந்து அச்சிட அனுமதிக்கும் தெரிவைத் தொடவேண்டாம். ஃபயர்வோல் இயங்கினால், உள் வலையமைப்புக்கு மட்டும் 631ஆம் போர்ட்டைத் திறந்துவிடுங்கள்.

4. மற்ற லினக்ஸ் கணினிகளில் அச்சுப்பொறி பெரும்பாலும் தானாகவே தோன்றும். தோன்றாவிட்டால், ஒதுக்கிய முகவரியைக் கொடுத்துச் சேர்க்கலாம்.

எச்பியின் சில சிறிய லேசர் அச்சுப்பொறிகளுக்கு ஒரு துணைக்கோப்பைத் தரவிறக்க வேண்டும்; அதற்கு ஒருமுறை இணையம் தேவை. கெனன் எல்பிபி 2900 போன்றவை தங்களுக்கென்று தனி டிரைவர் கேட்டுச் சிரமம் தரும். நன்கொடையாக அச்சுப்பொறி கேட்கும்போதே லினக்ஸில் இயங்குமா என்று பாருங்கள். மின்சாரம் போய்வந்த பின் அச்சுப்பொறி 'நிறுத்தப்பட்டது' எனக் காட்டினால், அதே கப்ஸ் பக்கத்தில் 'ரெஸ்யூம் பிரின்டர்' அழுத்தினால் போதும். காத்திருந்த கடிதங்கள் வரிசையாக வரும்.

தமிழ் எழுத்து குழம்பினால் பலரும் அச்சுப்பொறியைக் குறைசொல்கிறார்கள். காரணம் பெரும்பாலும் கடிதத்தை அனுப்பும் கணினியில்தான் இருக்கும். பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது. அது இல்லாத கணினியில் கடிதத்தைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். திரையில் சரியாகத் தெரிந்தால், எழுத்துருவும் கடிதத்தோடு சேர்ந்தே தலைமைக் கணினிக்குப் போகும். ஆகவே பாமினியைக் கடிதம் எழுதும் கணினிகளில் நிறுவுங்கள். புதிய கடிதங்களை யுனிகோடில் எழுதுவதே நல்லது.

எங்கள் மக்களுக்கு அச்சிடுவதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அச்சான கடிதத்தின் நகலைக் கப்ஸ் வழக்கமாக ஒருநாள் தலைமைக் கணினியில் வைத்திருக்கும். கோப்பின் பெயர் அதற்குப் பிறகும் பதிவில் இருக்கும். யாரைத் தேடுகிறோம், யார் மீது முறைப்பாடு என்பது அந்தக் கணினியை நிர்வகிப்பவருக்குத் தெரியவரலாம். எனவே 'அட்மினிஸ்ட்ரேஷன்' பகுதியின் 'அட்வான்ஸ்ட்' என்பதைத் திறந்து, ஆவணங்களைத் தக்கவைக்கும் 'ரிட்டெய்ன் டொக்கியுமென்ட்ஸ்' இடத்தில் 'நோ' என்று மாற்றுங்கள். கோப்புக்கு ஆளின் பெயரை வைக்காமல் ஓர் இலக்கத்தை வையுங்கள். நிர்வாகக் கடவுச்சொல் பொறுப்பான ஒருவர், இருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

வெளியிலிருந்தும் ஆபத்து உண்டு. 2024 செப்டெம்பரில் கப்ஸுடன் சேர்ந்த மென்பொருள்களில் கடுமையான பாதுகாப்புக் குறைகள் வெளியாகின. 631ஆம் போர்ட் வெளியுலகுக்குத் திறந்திருந்த கணினிகளே அதிக ஆபத்தில் இருந்தன. திருத்தங்கள் வந்துவிட்டன. இணையம் கிடைக்கும் நாளில் மென்பொருளைப் புதுப்பிக்கத் தவறாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும், கப்ஸின் ஆங்கிலச் சோதனைத் தாளோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு கணினியிலிருந்தும் ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் உள்ள ஒரு தமிழ்க் கடிதத்தை அச்சிட்டு, எழுத்தெழுத்தாக வாசித்துப் பாருங்கள். பிழை இருந்தால் செங்கலடிக்குப் புறப்படுமுன் இங்கேயே தெரியட்டும்.