கொலையுண்டவர் வெள்ளையரா, கறுப்பரா? தண்டனையில் நிறம் புகுந்த கதை

ஒரே மாதிரியான குற்றம். ஒருவருக்கு மரண தண்டனை, இன்னொருவருக்கு ஆயுள் தண்டனை. ஏன் இந்த வித்தியாசம்? ஒரு வழக்கை மட்டும் பார்த்தால் தெரியாது. ஆயிரக்கணக்கான வழக்குகளை அடுக்கிப் பார்த்தால் தெரியும். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டேவிட் பால்டஸ் அப்படித்தான் பார்த்தார்.

கடையில் கொள்ளை

ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் 1978-ம் ஆண்டு ஒரு கடையில் கொள்ளை நடந்தது. அங்கு வந்த வெள்ளைக்கார போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். வாரன் மெக்லெஸ்கி என்ற கறுப்பருக்கு மரண தண்டனை கிடைத்தது. அவருடைய வக்கீல்கள் பால்டஸ் குழுவின் கணக்கை கோர்ட்டில் வைத்தார்கள்.

100-க்கு 11, 100-க்கு 1

1970-ம் ஆண்டுகளில் ஜார்ஜியாவில் நடந்த 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை அக்குழு ஆராய்ந்தது. வெள்ளையர் கொல்லப்பட்ட வழக்குகளில் 100-க்கு 11-ல் மரண தண்டனை. கறுப்பர் கொல்லப்பட்ட வழக்குகளில் 100-க்கு ஒன்றில்தான்.

"அந்தக் கொலைகள் அதிகக் கொடூரமாக இருந்திருக்கலாமே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆபீசில் இருவரின் சம்பளத்தை ஒப்பிடும்போது சர்வீசையும் படிப்பையும் பார்க்க வேண்டாமா? அதுபோலவே கொள்ளையோடு சேர்ந்த கொலையா, முன்பு தண்டனை பெற்றவரா என்று 230 விவரங்கள் வரை கணக்கில் எடுத்து, ஒத்த வழக்கை ஒத்த வழக்கோடு ஒப்பிட்டார்கள். அப்போதும் வித்தியாசம் மறையவில்லை. கொலையுண்டவர் வெள்ளையரானால் மரண தண்டனைக்கு வாய்ப்பு 4.3 மடங்கு!

மிகக் கொடூரமான கொலைகளில் நிறம் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. இப்படியும் அப்படியும் தீர்ப்புச் சொல்லக்கூடிய நடுத்தர வழக்குகளில்தான் அது புகுந்தது.

ஒரே ஓட்டு

1987-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கணக்கு சரி என்றே வைத்துக்கொண்டாலும், இந்தக் கைதியிடம் வேண்டுமென்றே பாரபட்சம் காட்டியதாக நிரூபிக்க வேண்டும் என்று 5 நீதிபதிகள் கூறினார்கள். 4 பேர் மறுத்தார்கள். மெக்லெஸ்கி தோற்றார். 1991-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி மின்சார நாற்காலியில் உயிரிழந்தார்.

தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பாவெல் ஓய்வு பெற்றபின், தம் வரலாற்றை எழுதியவரிடம், எந்த வழக்கிலாவது ஓட்டை மாற்றுவதென்றால் இந்த வழக்கில் மாற்றுவேன் என்றார். அந்தப் புத்தகம் வெளிவந்தது 1994-ல். அவருடைய ஒரு ஓட்டு மாறியிருந்தால் தீர்ப்பே மாறியிருக்கும்.