இளவேனில் வலசையும் இரைகௌவும் பறவைகளின் தொகைமதிப்பும்

கழுகு, பருந்து முதலிய இரைகௌவும் பறவைகள் உணவுச் சங்கிலியின் உச்சியில் வாழ்வன. ஆதலின் அவற்றின் தொகையில் ஏற்படும் வீழ்ச்சி, அவை வாழும் சூழலுக்கு நேர்ந்த கேட்டினை உணர்த்தும் அறிகுறியாகலாம். ஆயினும், பரந்த காடுகளிலும் புல்வெளிகளிலும் சிதறிக் கூடுகட்டும் இப்பறவைகளை அங்குச் சென்று எண்ணுதல் அரிது. வலசை செல்லும் வழியில் நின்று எண்ணுவதே எளிது. இதனை ஏலாத் என்னும் இடத்தைச் சான்றாகக் கொண்டு நோக்குவோம்.

அகன்ற சிறகுடைய இப்பறவைகள் இடையறாது சிறகடித்து நெடுந்தூரம் செல்வதில்லை. வெயிலாற் சூடேறிய நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பின் சிறகை விரித்தபடி சறுக்கிச் செல்கின்றன. கடலின்மேல் அத்தகைய காற்று வலுவாக எழுவதில்லை. எனவே, குளிர்காலத்தை ஆபிரிக்காவிற் கழித்து ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் மீள்வனவற்றுட் பெருந்தொகையானவை மத்தியதரைக் கடலைத் தவிர்த்துச் சினாய் வழியாகத் திரள்கின்றன. அக்காபா வளைகுடாவின் வடமுனையில், இஸ்ரேலின் தென்கோடியில் உள்ள ஏலாத், அவற்றிற்கு ஒரு வாயிலாக அமைகின்றது. 1985 ஆம் ஆண்டின் இளவேனிலில் மட்டும் அங்கு 10 இலட்சத்துக்கு மேற்பட்ட இரைகௌவும் பறவைகள் எண்ணப்பட்டன.

இவ்வாறு எண்ணுவதற்கும் ஒரு முறையுண்டு. பறவைகள் செல்லும் திசைக்குக் குறுக்கே, மலைகளில் இடைவெளி விட்டு நோக்குநர் நிறுத்தப்படுவர். காற்றின் திசை மாறும்போது பறவைகளின் பாதையும் பல மைல் விலகுமாதலின் ஓரிடத்து நோக்கு போதாது. வட்டமிடும் கூட்டத்தை எண்ணுவது பிழைக்கு இடமளிக்கும். அவை காற்றோட்டத்தை விட்டு வரிசையாகச் சறுக்கும் வேளையே எண்ணுதற்கு உகந்தது. இனத்தோடு வயதும் நேரமும் பதியப்படும். காலமும் இனத்துக்கேற்ப வேறுபடும். ஸ்ரெப்பிப் புல்வெளிக் கழுகு பெப்ரவரி, மார்ச் மாதங்களிலும், தேன்பருந்து மே மாத முற்பகுதியிலும் பெருந்தொகையாகக் கடக்கின்றன.

இளவேனிற் கணக்குக்குத் தனிச் சிறப்பு ஒன்றுண்டு. இலையுதிர்காலக் கணக்கில் அவ்வாண்டிற் பிறந்த இளம்பறவைகளும் அடங்கும்; அவற்றுட் பல அடுத்த ஆண்டைக் காண்பதில்லை. இளவேனிலில் மீள்வன, பாலையையும் பசியையும் வேட்டையையும் கடந்து எஞ்சியவை. அவற்றுள் முதிர்ந்தனவே அவ்வாண்டில் இனம் பெருக்குதற்குரிய முதல் எனலாம்.

ஸ்ரெப்பிக் கழுகின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். 1985 இல் ஏலாத்தில் ஏறத்தாழ 75,000 கழுகுகள் எண்ணப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில் இத்தொகை பெரிதும் குறைந்தது. இளம்பறவைகளின் விகிதமும் வீழ்ந்தது. முதிர்ந்தவை மீண்டும் வருகின்றன, குஞ்சுகளோ போதியளவு தழைக்கவில்லை என்பதே அதன் பொருள். 2015 இல் இவ்வினம் அழிவுக்குள்ளாகும் இனமாக உலகளாவிய செம்பட்டியலில் வகைப்படுத்தப்பட்டது.

ஓராண்டின் குறைவுக்குக் காற்றும் காரணமாகலாம். பல்லாண்டுத் தொடர்ச்சியே தற்செயலையும் உண்மை வீழ்ச்சியையும் பிரித்துக் காட்டவல்லது. இடையில் விடுபட்ட ஓர் இளவேனிலைப் பின்னர் எவராலும் எண்ண முடியாது என்பதை நாம் மறத்தலாகாது.