மருத்துவ மானிடவியல்

மருத்துவ மானிடவியல் என்பது உடல்நலத்தையும் நோயையும் மனித உடலோடும் சமூக வாழ்க்கையோடும் சேர்த்து ஆராயும் துறை ஆகும். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி, டர்ஹாம் பல்கலைக்கழகம் போன்றவற்றில் இது முதுநிலைப் படிப்பாக உள்ளது. மரபணு, ஊட்டம், தொற்று ஆகியவை உயிரியல் மானிடவியலின் பாடங்கள். உறவுமுறை, சடங்கு, நம்பிக்கை ஆகியவை சமூக மானிடவியலின் பாடங்கள். ஒன்றை மட்டும் படித்தால் என்ன விடுபடும் என்பதைக் குரு நோயின் வரலாறு காட்டுகிறது.

குரு நோய்

பப்புவா நியூ கினியின் கிழக்கு மலைநாட்டில் வாழும் ஃபோரே மக்களிடையே இந்நோய் பரவியிருந்தது. ஃபோரே மொழியில் 'குரு' என்றால் நடுக்கம் (ஆசிரியரைக் குறிக்கும் சொல்லோடு தொடர்பில்லை). நடை தள்ளாடி, உடல் நடுங்கி, பெரும்பாலோர் ஓராண்டளவில் இறந்தனர். இறந்தவர்களில் மிகுதியானோர் பெண்களும் குழந்தைகளும். வளர்ந்த ஆண்கள் மிகச் சிலரே. மக்கள் இதைச் சூனியம் என்றனர். 1957இல் கார்ல்டன் கஜ்டுசெக், வின்சென்ட் சிகாஸ் இருவரும் நோயை மருத்துவ உலகுக்கு அறிவித்தனர். குடும்பங்களுக்குள் வந்ததால் இது பரம்பரை நோய் எனக் கருதப்பட்டது.

1961இல் அங்கு சென்ற மானிடவியலாளர்கள் ஷெர்லி லிண்டன்பாம், ராபர்ட் கிளாஸ் ஆகியோர் ஊர் ஊராக வம்சாவளிகளை எழுதினர். தம் ஊரில் முதன்முதலாக இந்நோய் கண்டது யாருக்கு என்பது முதியவர்களுக்கு நினைவிருந்தது. அப்படியானால் இது பழைய பரம்பரை நோயாக இருக்க முடியாது. இறந்த உறவினரின் உடலை உண்பது அம்மக்களின் துக்கச் சடங்கு. பசியாலோ பகையாலோ அன்று, அன்பின் கடனாக அதைச் செய்தனர். மூளை உள்ளிட்ட பகுதிகளைப் பெண்கள் உண்டு, குழந்தைகளுக்கும் கொடுத்தனர். ஆண்கள் பெரும்பாலும் விலகியிருந்தனர். யார் இறந்தனர் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருந்தது.

நோயாளியின் மூளைத் திசு செலுத்தப்பட்ட சிம்பன்சிகளுக்கும் அதே நோய் வந்ததாக 1966இல் அறிவிக்கப்பட்டது. கஜ்டுசெக் 1976இல் நோபல் பரிசு பெற்றார். வம்சாவளி எழுதிய இருவரின் பங்கு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை என்பது குறையே. பிரியான் எனப்படும் உருமாறிய புரதமே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது.

1960 அளவில் சடங்கு நின்றது. அதன்பின் பிறந்தோருக்கு நோய் வரவில்லை. முன்பே தொற்றியவர்களில் சிலருக்கோ 50 ஆண்டுகள் கழித்தும் வெளிப்பட்டது. நோய் பரவிய பகுதியினர் சிலரிடம், அதிலிருந்து காக்கும் மரபணு மாற்றம் இருப்பது 2009இல் வெளியானது. ஒரு சடங்கால் பரவிய நோய், அம்மக்களின் மரபணுவிலும் தடம் பதித்திருந்தது.