கணிப்பொறியில் மின்சிக்கனம்: மின் மண்டலங்களின் நிர்வாகம்

புனே நகரில் 1988-ல் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனம், 1991-ல் பரம் 8000 என்னும் மீக்கணிப்பொறியை உருவாக்கி நாட்டிற்குப் பெருமை தேடித் தந்தது. அந்நாளில் வேகமே முதன்மையான அளவுகோலாக இருந்தது. 2013 பிப்ரவரியில் அந்நிறுவனம் பரம் யுவா-2 அமைப்பை அறிமுகம் செய்தபோது, வேகத்துடன் மின்செலவு குறைவதும் அதன் சிறப்பாக எடுத்துரைக்கப்பட்டது. மீக்கணிப்பொறி முதல் கைப்பேசி வரை எல்லாக் கருவிகளுக்கும் இன்று பொருந்தும் அளவுகோல் இது. மின்சிக்கனத்தில் வன்பொருளைப் போலவே மென்பொருளுக்கும் பெரும் பங்கு உண்டு.

மின்சாரம் செலவாகும் வழிகள்

சில்லில் மின்சாரம் இரு வழிகளில் செலவாகிறது. முதலாவது, டிரான்சிஸ்டர்கள் நிலைமாறும்போது ஏற்படும் செலவு. இது மின்னழுத்தத்தின் இருமடிக்கும் கடிகாரத் துடிப்பின் வேகத்திற்கும் ஏற்ப உயரும். கடிகாரத் துடிப்பை நிறுத்தினால் இச்செலவு நின்றுவிடும். இரண்டாவது, வேலையின்றி இருக்கும்போதும் கசிந்துகொண்டிருக்கும் மின்னோட்டம். இதனைத் தடுக்க மின்வழங்கலையே துண்டிக்க வேண்டும்.

இதற்காகச் சில்லு பல மின் மண்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு மண்டலத்திலுள்ள கருவிகள் யாவும் ஒரே மின்விசைக்கு உட்பட்டவை. எனவே அவற்றுள் ஒன்று பணியில் இருந்தாலும் மண்டலத்தை அணைக்க இயலாது. ஒரு மண்டலம் மற்றொன்றைச் சார்ந்திருப்பின், சார்ந்தது இயங்கும் வரை மூல மண்டலமும் இயங்கியாக வேண்டும்.

கெர்னலின் பொறுப்பு

இம்முடிவுகளை எடுப்பது, இயக்க முறைமையின் மையப் பகுதியாகிய கெர்னல். லினக்ஸ் கெர்னலில் இதற்கான பொது ஏற்பாடுகள் 2009-லும் 2011-லும் இடம்பெற்றன. இவற்றின் அடிப்படை எளிய கணக்குதான். கருவியைப் பயன்படுத்துமுன் அதன் டிரைவர் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். பணி முடிந்ததும் ஒன்றைக் கழிக்கும். எண்ணிக்கை சுழியாகும்போது கருவி ஓய்வுக்குத் தகுதி பெறுகிறது. மண்டலத்திலுள்ள எல்லாக் கருவிகளும் ஓய்ந்த பின்னரே கெர்னல் மின்சாரத்தைத் துண்டிக்கும். அதற்குமுன் பதிவகங்களிலுள்ள விவரங்களைச் சேமித்து, மீண்டும் மின்சாரம் வந்ததும் அவற்றை நிரப்புவது அவசியம்.

டிரைவர் ஒன்று கழிக்கத் தவறினால், அதன் கருவி மட்டுமன்றி மண்டலம் முழுவதும் வீணாக விழித்திருக்கும். பிழைச்செய்தி ஏதும் தோன்றாது. மின்கலம் மட்டும் விரைவில் தீரும். கூட்ட மறந்து, அணைந்த மண்டலத்தின் பதிவகத்தைத் தொட்டாலோ, பல சில்லுகளில் முழுக் கணிப்பொறியும் உறைந்து நின்றுவிடும்.

அடிக்கடி அணைத்து ஏற்றுவதும் சிக்கனமன்று. ஏற்றுவதற்கும் நேரமும் மின்சாரமும் தேவை. ஆகவே கருவி ஓய்ந்தவுடன் அணைக்காமல், சிறிது காத்திருந்து அணைக்கும் முறையும் கையாளப்படுகிறது.

செய்ய வேண்டியவை

கருவி வேலை செய்கிறதா என்று சோதிப்பதோடு மாணவர்கள் நின்றுவிடலாகாது. வேலை முடிந்ததும் அது உறங்குகிறதா என்றும் சோதித்தறிய வேண்டும். கருவிகளை வாங்கும் அலுவலர்கள், முழு வேகத்தில் ஆகும் மின்செலவுடன் ஓய்வு நிலையில் ஆகும் செலவையும் ஒப்பந்தப் புள்ளியில் கேட்டறிவது நலம். அலுவலகக் கணிப்பொறிகள் பெரும்பொழுதை ஓய்விலேயே கழிக்கின்றன. சேமிப்புக்கான வாய்ப்பு அங்குதான் மிகுதி.