குரல்கள் நின்ற பிறகும் வீட்டிலேயே இருப்பது ஏன்?

சைக்கோசிஸ் முதன்முறையாகத் தாக்குவது பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலோ இருபதுகளிலோதான். யாரும் இல்லாதபோது குரல் கேட்கும். அடுத்த வீட்டார் சதி செய்கிறார்கள் என்ற சந்தேகம் அசைக்க முடியாத நம்பிக்கையாகிவிடும். பேச்சில் கோர்வை போகும். மருந்து தொடங்கிச் சில வாரங்களிலோ மாதங்களிலோ பலருக்கு இவை அடங்கிவிடுகின்றன. முதல் தாக்குதலில் மருந்து நன்றாகவே வேலை செய்கிறது. குடும்பம் திகைப்பது அதற்கு அப்புறம்தான். குரல் போய்விட்டது, ஆனால் பையன் பகல் பன்னிரண்டு மணிவரை படுத்திருக்கிறான், நண்பர்களின் போனை எடுப்பதில்லை, சொந்தத்தில் கல்யாணம் என்றால் "நீங்க போய்ட்டு வாங்க" என்கிறான்.

அறிகுறிகள் அடங்குவதும் வாழ்க்கைக்குத் திரும்புவதும் இரண்டு தனித்தனி வேலைகள். சைக்கோசிஸ் வரும் நோய்களில் ஒன்றான மனச்சிதைவு முதன்முறை வந்தவர்களை நியூயார்க்கில் தொடர்ந்து கவனித்த டெல்பர்ட் ராபின்சன் குழு, 2004இல் இதை எண்களில் காட்டியது. ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ 47 சதவீதத்தினர் அறிகுறிகள் அடங்கிய நிலையை அடைந்தார்கள். வேலை அல்லது படிப்பு, நட்பு, அன்றாடப் பொறுப்பு ஆகியவற்றில் இரண்டாண்டாவது நிலைத்து நின்றவர்கள் கால்வாசிப் பேர்தான். இரண்டும் சேர்ந்து இரண்டாண்டு நீடித்தவர்கள் 14 சதவீதத்துக்கும் குறைவு. புதிய மாத்திரை பற்றிய செய்தியில் 'குணம்' என்ற சொல் வரும்போதெல்லாம், இந்த மூன்று எண்களில் எதைப் பற்றிய பேச்சு அது என்று கேட்டாக வேண்டும். பெரும்பாலும் முதல் எண்தான்.

மனச்சிதைவிலிருந்து மீள முடியாது என்ற எண்ணம் பழையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எமில் கிரெபெலின் இந்த நோயை இளமையிலேயே தொடங்கும் அறிவுத் தேய்வு என்று வகைப்படுத்தினார். அந்த அவநம்பிக்கை மருத்துவமனைகளில் பல தலைமுறைகள் தங்கிவிட்டது. 1992இல் மெல்போர்னில் பேட்ரிக் மெக்கோரியும் சகாக்களும் முதல் தாக்குதலுக்கென்றே தனிச் சிகிச்சை மையம் தொடங்கிய பிறகுதான், முதல் சில ஆண்டுகளில் கொடுக்கும் கவனம் பின்னாளை மாற்றக்கூடும் என்ற எண்ணம் பரவியது.

வீட்டார் 'சோம்பல்' என்று நினைக்கும் நிலைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இதில் மிகச் சுவையான பகுதி. நோயுற்றவருக்கு மகிழ்ச்சியை உணரும் திறனே அற்றுப்போகிறது என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். டேவிட் கார்ட், ஆன் கிரிங் முதலிய ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சிதைவு உள்ளவர்களை அவர்களுடைய அன்றாட வாழ்வின் நடுவிலேயே கேட்டார்கள். கையில் ஒரு சிறு கருவி. நாளில் பலமுறை அது ஒலிக்கும். ஒலித்த நொடியில் என்ன செய்துகொண்டிருக்கிறார், அது எவ்வளவு பிடித்திருக்கிறது, அடுத்துச் செய்யப்போவது எவ்வளவு பிடிக்கும் என்று எதிர்பார்க்கிறார் என்று குறிக்க வேண்டும். செய்துகொண்டிருக்கும்போது கிடைத்த இன்பம் மற்றவர்களுக்குக் கிடைத்ததைப் போலவே இருந்தது. குறைந்திருந்தது, வரப்போகும் இன்பத்தைப் பற்றிய எதிர்பார்ப்பு.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள ஓர் இட்லிக் கடையை நினைத்துக்கொள்ளலாம். நேற்று எவ்வளவு விற்றது என்று பார்த்துத்தான் கடைக்காரர் இன்றைக்கு மாவு அரைப்பார். விற்பனை எதிர்பார்த்ததைவிடக் கூடினால் நாளைக்கு அரைப்படி அதிகம். மீந்தால் அரைப்படி குறைவு. மூளையும் இப்படித்தான் கணக்குப் போடுகிறது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை டோபமைன் நரம்பணுக்கள் சமிக்ஞையாக அனுப்ப, அடுத்த எதிர்பார்ப்பு திருத்தப்படுகிறது. இப்போது தெருவில் ஒரு பெரிய கலவரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் ஆள் நடமாட்டம் இல்லை, அரைத்த மாவெல்லாம் புளித்து வீண். கடைக்காரர் அரைப்பதையே நிறுத்திவிடுகிறார். கலவரம் அடங்கி, காலையில் ஜனம் பசியோடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தாலும் அது அவர் கணக்கில் ஏறாது. கடை மூடியிருக்கும்வரை விற்பனை பூஜ்யம். பூஜ்யத்தைப் பார்த்து நாளைக்கும் மாவு பூஜ்யம். கணக்கில் பிழையே இல்லை, ஆனால் கடை திறக்காது. வெளியிலிருந்து யார் வந்து "நிறைய விற்கும்" என்று சத்தியம் செய்தாலும் பயன் குறைவு. கால்படி மாவு அரைத்து, ஒரே ஓர் ஈடு வேகவைத்து, நாலு இட்லி விற்றுப் பார்த்தால்தான் பழைய கணக்கில் புதிய எண் விழும். ஒரேயடியாகப் பத்துப் படி அரைக்க வைத்து அதுவும் மீந்துபோனால், நிலைமை முன்னைவிட மோசம்.

எதிர்பார்ப்புக் குறைவு பற்றிய எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெளியே போகாததற்கு வேறு காரணங்களும் உண்டு. மருந்தின் அசதி, உடல் எடை கூடியதால் வரும் கூச்சம், நோயின் உச்சத்தில் தெருவில் கத்தியதைப் பார்த்தவர்களை மறுபடி எதிர்கொள்ளும் அவமானம் ஆகியவை உண்மையானவை. ஏரன் பெக், பால் கிரான்ட் இருவரும் சுட்டிக்காட்டிய 'எப்படியும் தோற்கத்தான் போகிறேன், முயல்வானேன்' என்ற நம்பிக்கையும் இவற்றோடு சேர்ந்துகொள்கிறது.

இங்கிலாந்தில் டேவிட் ஃபவுலர் குழு உருவாக்கிய சமூக மீட்புச் சிகிச்சை இந்த இடத்தில்தான் கைவைக்கிறது. சிகிச்சையாளர் மருத்துவமனை அறையில் காத்திருப்பதில்லை; வீட்டுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் கல்லூரி வாசலுக்கும் கூடவே போகிறார். டீக்கடைக்குப் போவது என்று முடிவானால், போகும் முன் ஒரு தாளில் எழுதச் சொல்லலாம்: என்ன நடக்கும் என்று நினைக்கிறாய், பத்துக்கு எவ்வளவு பிடிக்கும்? "எல்லாரும் என்னையே பார்ப்பார்கள், 1" என்று எழுதியவர், திரும்பி வந்து "ரெண்டு பேர் பார்த்தாங்க, டீ நல்லா இருந்துச்சு, 5" என்று எழுதினால், ஒன்றுக்கும் ஐந்துக்கும் இடையிலுள்ள அந்த நாலுதான் சிகிச்சை.

முதல் சைக்கோசிஸுக்குப் பின் வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கும் குறைவாகவே வேலை, படிப்பு, விளையாட்டு, வீட்டு வேலை போன்றவற்றில் ஈடுபட்ட சுமார் 150 இளைஞர்களிடம் இது சோதிக்கப்பட்டது. 2018இல் வெளியான முடிவின்படி, வழக்கமான தொடக்கநிலைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, இதையும் சேர்த்துப் பெற்றவர்கள் ஒன்பதாம் மாதத்தில் வாரத்துக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம் கூடுதலாக இயங்கினார்கள். எட்டு மணி நேரம் என்பது ஒரு முழு வேலைநாள். ஆனால் இதே முறையை, சைக்கோசிஸ் இன்னும் வராத, ஆனால் ஒதுங்கத் தொடங்கிவிட்ட 270 இளைஞர்களிடம் சோதித்தபோது கூடுதல் பலன் தெரியவில்லை. இரு குழுவினருமே முன்னேறினார்கள். முதல் ஆய்வைக் கொண்டாடியவர்கள் இரண்டாவதையும் பக்கத்தில் வைத்துப் பேசுவதே நேர்மை.

வேலை விஷயத்தில் நிலைமை சற்றுத் தெளிவு. முதலில் பயிற்சி, பிறகு பட்டறை, கடைசியில் வேலை என்ற பழைய வரிசையை விட்டுவிட்டு, விரும்பிய உண்மையான வேலையில் நேராகச் சேர்த்து, சேர்ந்த பிறகு கூடவே நின்று உதவும் முறை ஒன்று உண்டு. 41 பேரை மட்டும் கொண்டு மெல்போர்னில் நடந்த சிறிய ஆய்வு 2008இல் வெளியானது. இம்முறையில் 13 பேருக்கு வேலை கிடைத்தது, ஒப்பீட்டுக் குழுவில் இருவருக்கு.

குடும்பத்தின் பங்கு வேறு வகையானது. ஜார்ஜ் பிரவுன் லண்டனில் தொடங்கிவைத்த ஆய்வுகள், ஓயாமல் குறை சொல்லும் வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம் என்று காட்டின. "சோம்பேறி" என்று ஓயாமல் சொல்வது சேதம் செய்யக்கூடும் என்பதற்கு இது ஒரு சான்று. மறுபக்கம், 1984இல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபும் கனடாவின் மான்ட்ரியலில் உள்ள ஒரு சிகிச்சை மையமும் ஒரே மாதிரியான சிகிச்சையை இரண்டாண்டு நடத்தி ஒப்பிட்டன. குரல், சந்தேகம் போன்றவை அடங்கியதில் இரு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒதுங்குதல், ஊக்கமின்மை ஆகியவை சென்னையில் கூடுதலாகக் குறைந்தன; குடும்பத்தாரின் ஈடுபாடும் இங்கேதான் அதிகம். இதை வைத்து நம் குடும்ப அமைப்பே மருந்து என்று மேடையில் முழங்குவது அவசரம். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவதும் இதே குடும்பங்கள்தான்.

எவ்வளவு காலம் துணை நிற்க வேண்டும் என்பதற்கு டென்மார்க்கின் ஓபஸ் ஆய்வு ஒரு விடை தருகிறது. 547 பேர் பங்கேற்ற இதில், வீடு தேடிவரும் குழு, குடும்பச் சந்திப்பு, சமூகத் திறன் பயிற்சி எல்லாம் சேர்ந்த சிகிச்சை இரண்டாண்டு கிடைத்தவரை பலன் தெளிவாக இருந்தது. பிறகு அவர்கள் வழக்கமான சிகிச்சைக்கு மாற்றப்பட்டார்கள். ஐந்தாம் ஆண்டில் அறிகுறிகளில் இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. பராமரிப்பு இல்லங்களில் தங்க வேண்டியவர்கள் மட்டும் ஓபஸ் குழுவில் தொடர்ந்து குறைவாக, 4 சதவீதமாக, இருந்தார்கள். தொடக்கத்திலிருந்தே வழக்கமான சிகிச்சை பெற்ற மற்றக் குழுவில் 10 சதவீதம்.