லிவர் சொல்வதும் சக்கரம் செய்வதும்

ஃப்ளைட்கியர் சிமுலேட்டருக்கு விமான மாடல் செய்து தரும் கல்லூரிப் போட்டிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறதாம். வாசகர் கடிதங்களில் பதற்றம் தெரிகிறது. ‘லிவரைத் தட்டியதும் சக்கரம் மாயமாகிவிடுகிறது’ என்கிறார் ஒருவர். ‘என் திரையில் ஏலரான் அசைகிறது, நண்பன் திரையில் மரக்கட்டை மாதிரி நிற்கிறது’ என்கிறார் இன்னொருவர். பிளெண்டரில் உருவம் செய்வதையும் எக்ஸ்எம்எல் கோப்பை எங்கே வைப்பது என்பதையும் விட்டுவிடுகிறேன். இதுவரை வந்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

ஒரு ப்ராப்பர்ட்டியின் மதிப்புக்கு ஏற்ப மாடலின் ஒரு பாகத்தை அசைப்பதே அனிமேஷன் என்பது வழக்கமான விளக்கம். அந்த மதிப்பு உண்மை நிலையைச் சொல்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை என்பதை அந்த விளக்கம் சொல்வதில்லை. விமானம் எப்படிப் பறக்கிறது என்பதைக் கணக்கிடுவது ஜேஎஸ்பிசிம் அல்லது யாசிம். திரையில் தெரியும் உருவம் வேறு சமாச்சாரம். மாடலிலிருந்து இறக்கையையே அழித்துவிட்டாலும் விமானம் பறக்கும். கணக்கையும் உருவத்தையும் இணைப்பது, ப்ராப்பர்ட்டிகள் கிளைகளாக அடுக்கப்பட்ட ப்ராப்பர்ட்டி மரம் ஒன்றுதான்.

சிக்கலும் அங்கேதான். சக்கரத்தைப் பற்றி அந்த மரத்தில் இரண்டு கிளைகள் பேசுகின்றன. ‘கண்ட்ரோல்ஸ்’ கிளையில் இருப்பது லிவரின் நிலை: இறக்கியிருந்தால் 1, ஏற்றியிருந்தால் 0, நடுவில் எதுவும் கிடையாது. ‘கியர்’ கிளையில் உள்ள ‘பொசிஷன்-நார்ம்’ சக்கரம் இந்த நொடியில் எங்கே இருக்கிறது என்று சொல்லும். லிவரை ஏற்றினால் இந்த எண் 1-லிருந்து 0 வரை படிப்படியாகக் குறையும். முதலாவதோடு இணைத்தால் சக்கரம் மாயமாகத்தான் செய்யும்.

சக்கரமாவது உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஏலரான் அப்படியல்ல. கண்ட்ரோல்ஸ் கிளையில் இருப்பது பைலட்டின் விருப்பம், ‘சர்ஃபேஸ்-பொசிஷன்ஸ்’ கிளையில் இருப்பது விளைவு. சாதாரணப் பறத்தலில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே நகர்வதால் தவறு கண்ணில் படாது. ஹைட்ராலிக் செயலிழப்பை உங்கள் மாடலில் சேர்த்துப் பாருங்கள்: கண்ட்ரோல்ஸோடு இணைத்த ஏலரான் கம்பீரமாக அசையும், விமானம் திரும்பாது. பலர் சேர்ந்து பறக்கும்போது மற்றவர்களுக்கு அனுப்பப்படுவது சர்ஃபேஸ்-பொசிஷன்ஸ் மதிப்பு. ஏலரானுக்கான கண்ட்ரோல்ஸ் மதிப்பு போவதில்லை. நண்பன் திரையில் அசையாததன் காரணம் அதுதான்.

விளையாட்டுக்காரர்களின் நுணுக்கம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணு உலையில், ஒரு வால்வை மூடும் உத்தரவு போனதுமே அதற்கான விளக்கு அணைந்தது. வால்வோ திறந்தே கிடந்தது. விளக்கு உத்தரவைத்தான் காட்டியது. ஊழியர்கள் அதை வால்வின் நிலை என்று நம்பினார்கள்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. ப்ராப்பர்ட்டியின் பெயரில் ஓர் எழுத்து தவறினால் ஃப்ளைட்கியர் பிழை சொல்லாது. அந்தத் தவறான பெயரிலேயே புதிதாக ஒன்றை மரத்தில் உருவாக்கி, மதிப்பை 0 என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் ப்ராப்பர்ட்டி பிரவுசரைத் திறந்து தேடினால் உங்கள் பெயர் அங்கே இருக்கும்! ‘பெயர் சரிதான், வேறெங்கோ கோளாறு’ என்று இரவெல்லாம் உட்கார்ந்திருப்பீர்கள். பெயர் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், லிவரை அசைத்து எண் மாறுகிறதா என்று பாருங்கள்.

மற்ற கேள்விகள்:

ஏலரான் தலைகீழாக அசைகிறது? ‘ஃபேக்டர்’ எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போடுங்கள்.

சக்கரம் விமானத்தைவிட்டு வெளியே போய்ச் சுற்றுகிறது? அச்சின் புள்ளிகள் தவறு. எக்ஸ் வால் பக்கம், ஒய் வலப்பக்கம், இஸட் மேலே, எல்லாம் மீட்டரில்.

கதவு திறந்த பிறகே சக்கரம் இறங்க வேண்டும்? இரண்டுக்கும் ஒரே பொசிஷன்-நார்ம், தனித்தனி இண்டர்போலேஷன் அட்டவணை. கதவுக்கு 0 முதல் 0.3, சக்கரத்துக்கு மீதி.

புரொப்பெல்லருக்கு? ‘ரொட்டேட்’ வேண்டாம், ‘ஸ்பின்’.

நான் கைப்பிடியைத் திருப்பினால் நண்பனின் விமானத்திலும் ஏலரான் அசைகிறது? ப்ராப்பர்ட்டி பெயரின் முதலில் உள்ள சாய்கோட்டை எடுத்துவிடுங்கள்.